ஒரு செண்டு நிலத்தில் குரோட்டன் தாய்ச்செடிப் பாத்தி

பூச்செடி பருவத்தில் பூக்கும். பருவம் போனால் வெறும் பச்சையாக நிற்கும். இலையிலேயே நிறம் கொண்ட செடி ஆண்டின் பன்னிரண்டு மாதமும் நிறம் காட்டும். புதிதாக வீடு கட்டுவோரும், பள்ளிகளும், மருத்துவமனைகளும், திருமண மண்டபங்களும் இத்தகைய செடிகளை விரும்பி வாங்குவதற்கு இதுவே காரணம். ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் என்பது மற்றொரு காரணம்.

கிணற்றடியில் ஒரு செண்டு நிலமும், கோடையிலும் பத்துப் பதினைந்து குடம் தண்ணீரும் உள்ள சிறு விவசாயி இதைத் துணைத் தொழிலாகச் செய்யலாம். ஆனால் எந்தச் செடியை வளர்ப்பது, எப்படிப் பெருக்குவது, எந்த அளவில் தொடங்குவது ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். தெரியாமல் கடன் வாங்கி நூற்றுக்கணக்கான செடிகளை இறக்கியவர் கையைச் சுட்டுக்கொள்ள நேரும்.

எந்தச் செடி?

வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டு, 'கோரல் பெல்ஸ்' என்னும் அயல்நாட்டுச் செடி நம் ஊரில் வருமா என்று சிலர் கேட்கின்றனர். ஹியூகெரா என்ற தாவரப் பெயர் கொண்ட இச்செடியின் தாயகம் வட அமெரிக்கா. அங்கே மலைப்பாறை இடுக்குகளிலும் மரநிழலிலும் தரையை ஒட்டி வளரும். கருஞ்சிவப்பு, செம்பு, வெள்ளி என அதன் இலைகள் பல நிறம் காட்டும். குளிர்ந்த நாடுகளின் தோட்டங்களுக்கு அது அருமையான செடி. இரவிலும் வெப்பம் தணியாத நம் சமவெளிக் கோடையில் அது வாடும். வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்தால் அடித்தண்டு அழுகும். எனவே சமவெளி விவசாயிகள் அதில் பணம் போட வேண்டாம்.

அதே வேலையை நம் வெயிலில் செய்யக் கூடியது குரோட்டன். நம் மக்கள் இலையில் நிறமுள்ள எந்தச் செடியையும் 'குரோட்டன்ஸ்' என்றே அழைக்கின்றனர். இக்கட்டுரை உண்மையான தோட்டக் குரோட்டனைப் பற்றியது. இதன் தாவரப் பெயர் கோடியம் வேரிகேட்டம். இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகள், மலேயா, நியூகினி, பசிபிக் தீவுகள் ஆகியவை இதன் தாயகம். 1753-ம் ஆண்டு லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது குரோட்டன் என்னும் பேரினத்தில் சேர்த்தார். பின்னர் தாவர இயலார் இதைக் கோடியம் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டனர். பழைய பெயர் மட்டும் தோட்டங்களில் நிலைத்துவிட்டது. நாட்டு மருந்தில் பேதிக்குப் பெயர்போன நேர்வாளம் இன்றும் அந்தக் குரோட்டன் பேரினத்தில்தான் உள்ளது.

ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது குரோட்டன். கிளையை ஒடித்தால் பால் வடிவதைக் காணலாம். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் விரும்பும் செடி இது. நீர் தேங்குவதையும் கடும் குளிரையும் தாங்காது.

ரகங்கள்

குரோட்டனில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு. இலையின் வடிவத்தைக் கொண்டு அவற்றை எளிதில் பிரித்தறியலாம். மாவிலை போல அகன்றவை ஒரு வகை. வாள் போல நீண்டு குறுகியவை மற்றொரு வகை. திருகுபோல முறுக்கிய இலைகள் உண்டு. மூன்றாகப் பிளந்த இலைகள் உண்டு. பச்சை இலையில் பொன்தூளைத் தூவியது போன்ற 'கோல்ட் டஸ்ட்' வகை உண்டு. இலையின் நடுவில் நரம்பு மட்டும் நீண்டு, அதன் நுனியில் இன்னொரு சிற்றிலை தொங்கும் வினோத வகையும் உண்டு.

விற்பனைக்கு வளர்ப்போர் பல ரகங்களை ஒன்றிரண்டாகச் சேர்த்து வைப்பதில் பயனில்லை. ஐந்து ரகங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு செடி வைப்பது நல்லது. அகன்ற இலையில் மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று; நீண்ட இலை ஒன்று; திருகு இலை ஒன்று; பொன்துளி ஒன்று என அமையலாம். வாங்க வருபவர் ஒரே மாதிரி இருபது செடி கேட்பார். அப்போது கொடுக்க முடிந்தால்தான் அவர் மறுமுறை வருவார்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

இலையின் பச்சை, பச்சையத்தால் ஆனது. மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு என்னும் நிறமிகளால் வருபவை. கேரட்டிலும் பழுத்த பப்பாளியிலும் உள்ள நிறமிகளின் இனம் இவை. சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் வருபவை. பல ரகங்களில் தளிர் பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றி, முதிர முதிரச் சிவப்பு ஏறும். ஆகவே ஒரே செடியில் மூன்று நான்கு நிறங்களைக் காண்கிறோம்.

இந்த நிறமிகள் நன்கு உண்டாக வெளிச்சம் தேவை. அடர்ந்த நிழலில் வைத்த செடியில் புதிய இலைகள் பச்சையாகவே வரும். செடி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்துக்கு மாற்றினால் அடுத்து வரும் இலைகளில் நிறம் திரும்பும். மறுபுறம், நிழலில் வளர்ந்த இளஞ்செடியை ஒரே நாளில் சித்திரை வெயிலில் வைத்தால் இலை கருகும். காலை வெயில் நான்கு ஐந்து மணி நேரம் விழுந்து, உச்சி வெயிலில் சற்று நிழல் கிடைக்கும் இடமே சிறந்தது. வீட்டின் கிழக்குப் பக்கமும், இடைவெளி விட்டு நட்ட தென்னந்தோப்பின் ஓரமும் பொருத்தமானவை.

சில சமயம் நிறமுள்ள செடியில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். அதைக் கண்டவுடன் அடியோடு வெட்டிவிட வேண்டும். பச்சையம் மிகுதியாக இருப்பதால் அது மற்றக் கிளைகளைவிட வேகமாக வளர்ந்து அவற்றை அமுக்கிவிடும்.

தாய்ச்செடிப் பாத்தி

ஒரு செண்டு என்பது சுமார் 435 சதுர அடி. செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை இரண்டரை அடி விட்டால், நடைபாதை போக 60 செடிகள் நடலாம். அறுபதையும் விலைக்கு வாங்க வசதியில்லாதவர்கள், ரகத்துக்கு இரண்டாகப் பத்துச் செடிகளை வாங்கித் தாங்களே பெருக்கிப் பாத்தியை நிரப்பலாம். ஓர் ஆண்டு தாமதமாகும். முதலீடு ஆறில் ஒரு பங்காகக் குறையும்.

வாங்கும்போது செடியின் பெயரைவிட உடல்நலத்தைப் பார்க்க வேண்டும். இலையின் அடியிலும் கணுக்களிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அச்செடி வேண்டாம். பையின் அடியில் வேர் சுருண்டு தடித்திருந்தாலும் வேண்டாம்.

ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, மேல்மண்ணுடன் 5 கிலோ மக்கிய தொழு உரமும் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். களிமண் நிலமானால் மணல் சேர்த்துப் பாத்தியை அரை அடி உயர்த்த வேண்டும். ஆடிப் பட்டம் நடவுக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மழைநீர் வடிய வாய்க்கால் அவசியம்.

நட்ட சில நாட்களில் அடி இலைகள் உதிரக் கூடும். இடம் மாறினால் இலை உதிர்ப்பது குரோட்டனின் இயல்பு. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பிடுங்கி எறிய வேண்டாம். இலை உதிர்கிறதே என்று தண்ணீரைக் கொட்டுவதால்தான் பல செடிகள் வேர் அழுகிச் சாகின்றன.

கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், மற்றக் காலத்தில் மேல்மண் உலர்ந்த பின்னரும் தண்ணீர் விட்டால் போதும். உப்புத் தண்ணீர் ஆகாது. இலை நுனி கருகும். ஆண்டுக்கு இரு முறை செடிக்கு 2 கிலோ தொழு உரமும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 17:17:17 கலப்பு உரம் 20 கிராமும் இட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் விட வேண்டும். யூரியாவை மட்டும் அள்ளிப் போடுவது நிறத்துக்கு நல்லதல்ல.

செடி இரண்டு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் பெருகும். அந்தக் கிளைகளே நம் மூலதனம்.

விதை ஏன் உதவாது?

குரோட்டன் பூக்கும், காய்க்கவும் செய்யும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனிக் கதிர்களில் வரும். ஆனால் விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போல இராது. பத்து விதை போட்டால் பத்தும் பத்து விதமாக வரலாம். புதிய ரகம் தேடுபவருக்கு அது பயன்படும். வாங்குபவர் கேட்ட ரகத்தைத் தர வேண்டிய நமக்கு அது உதவாது. தாயின் நிறம் அப்படியே வேண்டுமானால் தாயின் கிளையிலிருந்தே புதுச் செடி எடுக்க வேண்டும். அதற்கு விண்பதியம், நுனித்தண்டு என இரு வழிகள் உள்ளன.

விண்பதியம் போடும் முறை

ஆடி முதல் புரட்டாசி வரை விண்பதியத்துக்கு ஏற்ற காலம். பென்சில் கனமுள்ள, நன்கு நிறம் பிடித்த கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஓர் அடி கீழே, கணுவை ஒட்டி, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுக்க வேண்டும். உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பட்டை மீண்டும் கூடி, வேர் வராமல் போகும்.

இந்த வேலைக்குக் காரணம் உண்டு. இலையில் உண்டான உணவும் வளர்ச்சிப் பொருள்களும் பட்டை வழியாகக் கீழே இறங்குகின்றன. பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் அவை வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும். அங்கே ஈரமும் இருட்டும் கிடைத்தால் வேர் பிறக்கும். தண்ணீரோ நடுக்கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடுவதில்லை.

வடிந்த பாலைத் துடைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை ஒரு கைப்பிடி வளையத்தின் மேல் வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டவேண்டும். பாசி கிடைக்காவிட்டால் நன்கு கழுவி மக்கிய தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தலாம். பிழிந்தால் ஓரிரு துளி மட்டுமே சொட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். கடைகளில் கிடைக்கும் வேர் ஊக்கித் தூளை வளையத்தின் மேல் விளிம்பில் தடவினால் வேர் சீராக வரும். அது இல்லாமலும் குரோட்டன் வேர் விடும்.

நான்கு முதல் ஆறு வாரங்களில் பாலிதீனுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். வேர்கள் நன்கு பின்னிப் பழுப்பேறத் தொடங்கியதும், கட்டுக்குக் கீழே வெட்டி எடுத்து, தாளை மட்டும் மெதுவாக நீக்கிப் பையில் நட வேண்டும். அவசரப்பட்டு இரண்டு வேர் தெரிந்தவுடன் வெட்டினால் செடி பிழைக்காது.

நுனித்தண்டு முறை

விண்பதியத்துக்குக் கனம் போதாத கிளைகளை வீணாக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணுக்களுடன் நுனியை வெட்டி, அடி இலைகளை நீக்கி, பால் நிற்கும் வரை தண்ணீரில் வைக்க வேண்டும். பின்பு அடிமுனையில் கரித்தூள் தொட்டு, ஈர மணல் பாத்தியில் ஊன்ற வேண்டும். மேலே கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போட்டு, பாலிதீன் தாளால் கூடாரம் போல மூடிவிட்டால் ஈரம் நிற்கும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வந்தால் ஐந்தாறு வாரங்களில் வேர் பிடிக்கும். தனி இலையை ஊன்ற வேண்டாம். கணுவில் உள்ள மொட்டு இல்லாத இலை வேர் விட்டாலும் தளிர் விடாது.

வேர் பிடித்தவற்றைச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்த பைகளில் நட்டு, மூன்று வாரம் நிழலிலும், பின்னர் சிறிது சிறிதாக வெயிலிலும் பழக்க வேண்டும். வெயிலுக்குப் பழகி, இரண்டு அடுக்குப் புது இலை விட்ட செடியையே விற்க வேண்டும். நிழலிலிருந்து நேராக விற்ற செடி, வாங்கியவர் வீட்டில் இலை உதிர்க்கும். பழி உங்கள் மேல் விழும்.

பயிர் பாதுகாப்பு

குரோட்டனுக்கு முதல் எதிரி மாவுப்பூச்சி. செதில் பூச்சி, இலைப்பேன், சிவப்புச் சிலந்தி ஆகியவையும் வரும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும்; அவை பூச்சியைப் பாதுகாக்கவும் செய்யும். செடியில் எறும்பு வரிசை கண்டால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். தொடக்கத்தில் பாதித்த நுனியைக் கிள்ளி எரித்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினால் பாதி குறையும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் பத்து நாள் இடைவெளியில் இரு முறை தெளிக்க வேண்டும். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கந்தகத்தை வெயில் நேரத்தில் தெளிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் தெளித்த உடனேயும் கூடாது. வேர் அழுகல் கண்டால் தண்ணீரை நிறுத்தி வடிகால் செய்து, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றலாம்.

மாவுப்பூச்சியை அழகுச்செடியின் தொல்லை மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பெரிதும் பாழாக்கியது. 2010-ல் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகே அது அடங்கியது. மாவுப்பூச்சிகள் நடவுச் செடிகளோடு ஊர்விட்டு ஊர் போகக் கூடியவை. எனவே புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே பாத்திக்குள் விட வேண்டும். பக்கத்து வயலில் மரவள்ளி இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. பூச்சியுள்ள செடியை ஒருபோதும் விற்காதீர்கள்.

குரோட்டனின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். கண்ணில் படக் கூடாது. வெட்டும்போது கையுறை அணிந்து, முடிந்ததும் சோப்பால் கழுவ வேண்டும். செடியின் எந்தப் பகுதியும் தின்னத் தக்கதல்ல. கவாத்துச் செய்த கிளைகளை ஆடு மாடுகளுக்குப் போடக் கூடாது. சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரவும் செலவும்

ஆடியில் நட்ட தாய்ச்செடிகளில் அடுத்த ஆடியில் கிளைக்கு ஏற்ப இரண்டு பதியம் போடலாம். பதியம் வேர் விட்டுப் பையில் தேறி விற்பனைக்கு வர மேலும் மூன்று மாதம் ஆகும். ஆகவே நட்ட நாளிலிருந்து பதினைந்து மாதம் வரை கையில் காசு வராது. இதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முதல் செடிக்கு ஐந்து பதியம் என்று வைத்துக்கொள்வோம். 60 செடிகளுக்கு 300 பதியம். நாலில் ஒன்று கெட்டது போகக் கையில் நிற்பவை 225. இந்த எண்ணிக்கையை உங்கள் ஊரில் ஒரு பைச் செடிக்குக் கிடைக்கும் மொத்த விலையால் பெருக்கிப் பாருங்கள். சில்லறை விலையால் பெருக்க வேண்டாம். அதிலிருந்து பை, பாசி, உரம், பந்தல், கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். உங்கள் வீட்டார் உழைப்புக்கும் கூலி போடுங்கள். மிச்சம் நின்றால் தொழில் உங்களுக்கு ஏற்றது.

கணக்குப் போடும் முன் ஒரு வேலை உண்டு. அருகிலுள்ள நகரத்தின் நாற்றுப் பண்ணைகள், பூ அலங்காரம் செய்வோர், மண்டபங்கள் ஆகியோரிடம் சென்று, எந்த ரகம் போகிறது, எத்தனை போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குரோட்டன் இலை வெட்டிய பின்னும் பல நாள் வாடாது. மேடை அலங்காரத்துக்கும் மலர்க்கொத்துக்கும் இலையாகவே விற்கலாம். வாங்குபவர் மூவர் உறுதியான பிறகு குழி எடுங்கள். 'செடியை நாங்கள் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்பவரிடம், எழுத்து மூலமான ஒப்பந்தமும், முன்பு அவருக்கு விற்றவர்களின் முகவரியும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

நெல்லும் நிலக்கடலையும் விளையும் நிலத்தை இதற்காக எடுக்கவும் வேண்டாம். கிணற்றடி, வீட்டுப் புறக்கடை, தோப்பின் ஓரம் ஆகியவை போதும். நாற்றுப் பண்ணையாக விரிவாக்க விரும்புவோர், அதற்கான விதிமுறைகளையும் உதவித் திட்டங்களையும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறியலாம். விரிவாக்கத்தை முதல் 225 செடிகள் விற்றுத் தீர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆடிக்கு ஐந்து ரகம், ரகத்துக்கு இரண்டு செடி, சுத்தமான ஒரு பாத்தி. தொடக்கத்துக்கு இது போதும்.